அணையா அடுப்பு மூட்டிய அருளாளர்

தமிழகம் ஈன்ற அருளாளர்களுள் வள்ளலார் எனப் போற்றப்படும் இராமலிங்க அடிகளார் தனிச்சிறப்பு வாய்ந்தவர். வீடுபேற்றை நாடிய ஞானியர் பலர். உண்ண உணவும் ஒதுங்க இடமும் அற்றோரின் துயர் துடைப்பதையே இறைவழிபாடாகக் கொண்டவர் அடிகளார்.

பிறப்பும் இளமையும்

அடிகளார் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்திற்கு அண்மையிலுள்ள மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகத் தோன்றினார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையை இழந்தார். பின்னர்க் குடும்பம் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேற, தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிக்குச் செல்லாமல் கோயில்களையே நாடிய தம்பிக்கு வீட்டில் உணவளிக்கலாகாது எனத் தமையனார் கண்டித்தார் என்றும், அண்ணியார் இரங்கி மறைவாக அமுதிட்டார் என்றும் வரலாறு கூறும். ஒருநாள் திருவொற்றியூரில் வழிபட்டு நள்ளிரவில் திரும்பியவர், கதவைத் தட்ட மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அப்போது வடிவுடையம்மையே அண்ணியார் உருவில் வந்து அமுதளித்தாள் என்பது அடியார்கள் போற்றும் செய்தி. தாழிட்ட கதவுக்கு வெளியே பசித்துக் கிடப்பதன் வேதனையை அடிகளார் தாமே அறிந்திருந்தார்.

சத்திய தருமச்சாலை

1858-இல் சென்னையை நீங்கி, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. பார்வதிபுரத்து மக்கள் உவந்தளித்த எண்பது காணி நிலத்தில், 1867 மே 23-ஆம் நாள் வடலூர் தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று 21 அடி நீள அடுப்பில் மூட்டிய தீ இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகின்றது.

அச்சாலையின் நெறிகள் இரண்டு. வருவோரிடம் ஊர், சாதி, சமயம், நடத்தை எதனையும் கேளாமை ஒன்று. நாள்தோறும் இடையறாது உணவளித்தல் மற்றொன்று. பசி மிகும்போது அறிவு மயங்கும் என்பதை அடிகளார் 'சீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் நூலில் விளக்கியுள்ளார். எனவே முதலில் துயர் தீர்த்தல் வேண்டும், அறிவுரை பின்னரே.

1872-இல் சத்திய ஞான சபையில் வழிபாட்டைத் தொடங்கிய அடிகளார், 1874 ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் திருக்காப்பிட்டுக்கொண்டார். அருட்பெருஞ்சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

நமது கடமை

நெடுங்காலம் வீடின்றித் தெருவில் வாழ்வோருக்கு உதவுவதில் உலகம் இன்று இந்நெறியை ஒத்த வழியையே நாடுகின்றது. குடியை விட்டு, வேலை தேடிக்கொண்டு வா. பிறகு வீடு தருவோம் என்பது பழைய முறை. பின்லாந்து நாடு 2008-இல் இதனை மாற்றி, முதலில் வீடு, அதன்பின் மருத்துவமும் பிற உதவிகளும் என வகுத்தது. அங்கே வீடற்றோர் தொகை பெரிதும் குறைந்தது.

நம் ஜொகூர் மாநிலத்திலும், 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டத்தின்கீழ் அழைத்துச் செல்லப்படுவோரைப் பராமரிக்கும் தேசா பினா டிரி இல்லம் மெர்சிங்கில் உள்ளது. எனினும் எல்லாவற்றையும் அரசே செய்யட்டும் என நாம் வாளாவிருத்தல் தகாது. திருவிழா நாளில் பல்லாயிரவர்க்கு அமுதளிக்கும் நாம், விழா முடிந்த இரவிலும் ஜொகூர் பாருவின் கடைவீதி ஐந்தடிகளில் சிலர் அட்டை விரித்து உறங்குவதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்தம் குற்றங்குறைகளை ஆராயாது, நாளையும் மறுநாளும் அவர்களை நாடிச் செல்வோமாயின், வடலூரில் எரியும் அத்தீ நம் ஊரிலும் சுடர்விடும்.