சுமை இழுக்கும் எஞ்சினைத் தந்தவர்

மலைப் பாதையில் இரண்டு லாரிகள் ஏறுகின்றன. ஒன்று பெட்ரோல் லாரி. மற்றொன்று டீசல் லாரி. இரண்டின் பின்னாலும் கனமான இழுவை வண்டி மாட்டியிருக்கிறது. குறைந்த எண்ணெய்ச் செலவில் மேலே போய்ச் சேருவது எது? டீசல் லாரிதான்!

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். அவர் முழுப் பெயர் ருடால்ப் டீசல்.

போர் பிரித்தது

டீசலின் பெற்றோர் ஜெர்மானியர்கள். பிரான்சில் குடியேறியவர்கள். 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரீஸ் நகரில் டீசல் பிறந்தார். தந்தை தோல் சாமான்கள் செய்து விற்றுக் குடும்பம் நடத்தினார்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே பிழைப்பு கஷ்டமாக இருந்தது. 12 வயதுச் சிறுவனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் நன்றாகப் படித்தார். பிறகு மியூனிக் நகரத் தொழில் நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1880-ல் மிகச் சிறப்பாகத் தேறினார்.

கல்லூரியில் கேட்ட ஒரு செய்தி அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. நீராவி எஞ்சினில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் 10-ல் ஒரு பங்குகூட வேலைக்கு உதவுவதில்லை. மற்றதெல்லாம் வீண் என்பதே அந்தச் செய்தி. இதை மாற்ற வேண்டும் என்று டீசல் உறுதி கொண்டார்.

பொறி இல்லாமல் நெருப்பு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? காற்றை அழுத்தினால் வெப்பம் உண்டாகும். டீசலின் எஞ்சின் காற்றை மிகப் பலமாக அழுத்துகிறது. கொதிக்கும் அந்தக் காற்றில் எண்ணெய் பீய்ச்சப்பட்டதும், அது தானாகவே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினிலோ மின்சாரப் பொறிதான் நெருப்பு மூட்டுகிறது.

1892-ல் டீசல் இதற்கு உரிமைப் பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார். மறு ஆண்டு முதல் எஞ்சினைச் சோதித்தபோது அதன் ஒரு பகுதி வெடித்துச் சிதறியது. அவர் மனம் தளரவில்லை. 4 ஆண்டுகள் பாடுபட்டார். 1897 பிப்ரவரியில் அவரது எஞ்சின், எண்ணெயின் வெப்பத்தில் 100-க்கு 26 பங்கை வேலையாக மாற்றிக் காட்டியது. பணமும் புகழும் தேடி வந்தன.

கப்பலில் மறைந்தார்

ஆனால் நிம்மதி வரவில்லை. உரிமை வழக்குகள் தொல்லை கொடுத்தன. உடல்நலம் கெட்டது. போட்ட முதலும் நஷ்டமானது. லாரிக்கு ஏற்ற சிறு எஞ்சின் செய்ய முயன்றார். அதுவும் கைகூடவில்லை.

1913 செப்டம்பர் 29-ந் தேதி ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இரவு சாப்பிட்டுவிட்டுத் தம் அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. சில நாட்கள் கழித்துக் கடலில் ஓர் உடல் மிதந்தது. அதிலிருந்த பொருள்களைப் பார்த்த மகன், அவை தந்தையுடையவை என்று அடையாளம் சொன்னார். விபத்தா, தற்கொலையா என்பது இன்றுவரை தீராத மர்மம். அப்போது அவருக்கு வயது 55.

லாரி வந்தது

அவர் கனவு கண்ட லாரி, அவர் மறைந்து 10 ஆண்டுகள் கழித்தே உருவானது. 1924-ல் ஜெர்மன் கம்பெனிகள் டீசல் லாரிகளை மக்களுக்குக் காட்டின.

டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே பலமாக இழுக்கும். எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். அதனால்தான் பெருஞ்சுமை இழுப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். குறையும் உண்டு. விலை அதிகம், கனம் அதிகம். கரிப்புகையை வடிகட்ட, புது வண்டிகளில் தனிக் கருவி வேண்டியிருக்கிறது. அதைப் பராமரிக்கவும் செலவாகும்.

ஆகவே, நாள்தோறும் பெருஞ்சுமையை நெடுந்தூரம் இழுப்பவருக்கு டீசல் லாரி ஏற்றது. அந்த அதிக விலையை எண்ணெயில் மிச்சமாகும் பணம் ஈடுகட்டிவிடும். எப்போதாவது சிறு சுமை இழுப்பவருக்குப் பெட்ரோல் வண்டியே போதும். எரிபொருள் வீணாகக் கூடாது என்பதுதானே டீசலின் ஆசை! வேலைக்குத் தகுந்த வண்டியை வாங்குகிறவர் அந்த ஆசையை நிறைவேற்றுகிறார்.