மீன்வழி அறிந்த ரெனன்ற்

நீரைப் பிரிந்த மீன் உயிர் தரியாது என்பது நம் புலவர்க்கெல்லாம் பழகிய உவமை. ஆயினும் அவ்வுவமைக்கு அடங்காத மீன்களும் நம் குளங்களில் உண்டு. கோடையில் குளம் வற்றியதும் சேற்றினுட் புதைந்து கிடப்பன சில. மழை பெய்ததும் புல்லினூடே ஊர்ந்து வேறு நீர்நிலை தேடிச் செல்வன சில. இவற்றின் இயல்பை ஆங்கிலம் வழங்கும் உலகிற்கு விரிவாக எடுத்துரைத்தவர் சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற். கண்டி மாநகரிலோ அவர் பெயர் 1848ஆம் ஆண்டின் துயரோடு பிணைந்தது. அவரது மீனாராய்ச்சியையும் ஆட்சியையும் ஒருங்கு வைத்து நோக்கினால் நாம் கற்பதற்கு ஒன்று உண்டு எனக் கருதியே இதனை எழுதுகின்றேன்.

அவர் 1804இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்தார். எமேர்சன் என்பதே அவருக்குக் குடிப்பெயர். 1831இல் மணம் புரிந்த பின்னர் மனைவியின் குடிப்பெயரான ரெனன்ற் என்பதையும் சேர்த்துக்கொண்டார். சட்டம் பயின்றார், 1832இல் பாராளுமன்றம் புகுந்தார். 1845இல் சேர் பட்டம் பெற்று, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக அமர்த்தப்பட்டார். அவர் இயற்கை நூலைத் தொழிலாகக் கற்றவரல்லர். அறியாததைக் கேட்டறியும் பழக்கம் ஒன்றே அவரது மூலதனம்.

இந்நாட்டில் அவரை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்றுண்டு. மாதக்கணக்காக வறண்டு வெடித்துக் கிடந்த குளத்தில், மழை பெய்து சில நாட்கள் கழிந்ததும் மக்கள் முழுதும் வளர்ந்த மீன்களைப் பிடித்தனர். அவை மேகத்திலிருந்து வீழ்ந்தன என்றனர் சிலர். சேற்றிற் கிடந்த முட்டைகள் பொரித்தன என்றனர் வேறு சிலர். சில நாட்களில் முட்டை பெருமீனாகுமோ என்று வினவினார் ரெனன்ற். கிராமத்தாரோ வற்றிய குளத்தை மண்வெட்டியால் வெட்டி மீன் எடுத்துவந்தனர். கொட்டியாரத்தை அடுத்த மல்லிகைத்தீவுக் குளத்திலும், வெருகல் ஆற்றங்கரைக் குளம் ஒன்றிலும் உவைற்றிங் என்னும் அதிகாரி அதனை நேரிற் கண்டு அவருக்குக் கூறினார். உடைந்த களிமண் கட்டிகளிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல நீள மீன்கள் உயிரோடு துள்ளின. அந்த வெருகல், பேராதனையைத் தழுவிக் கண்டியைச் சூழ்ந்தோடும் நம் மகாவலியின் கிளையேயாகும்.

திருகோணமலையிலிருந்து மொறிஸ் என்னும் அதிகாரி எழுதியது மற்றொரு செய்தி. குளம் ஒன்றில் பெருமழை பெய்தவுடன், உடல் மூழ்கவும் போதாத நீரோட்டத்தில் மீன்கள் கூட்டமாக மேட்டை நோக்கி ஏறின. குளத்திலிருந்து நாற்பது யார் தொலைவில் அவற்றைக் கூடை கூடையாக அள்ளினர். இவ்வாறு தரைவழி செல்வனவற்றுள் முதன்மையானது பனையேறிக் கெண்டை. இதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த உறுப்பொன்று உண்டு. அதனால் காற்றை நேரே சுவாசிக்கிறது. நீரின் மேற்பரப்புக்கு வரவிடாது தடுத்தால் நீரிலேயே மூச்சுமுட்டி இறந்துபடும். செவுள்மூடியின் முட்களை ஊன்றி, வாலால் உந்தி நடக்கும். புதுமழைக்கு அது இடம்பெயர்வது முட்டையிடுதற்கும் புதிய இரைக்குமே.

இத்துணைப் பொறுமையோடு ஊரார் சொற்கேட்ட ரெனன்ற், ஆட்சியில் அவ்வாறு இருந்திலர். தேசாதிபதி ரொறிங்ரன் காலத்தில் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி வந்தது. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்க, அன்றேல் பணம் தருக என்ற சட்டமும் வந்தது. 1848 யூலையில் கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரளாகக் கூடினர். அவ்வரிகள் நியாயமானவை என்பதே ரெனன்றின் வாதம். மாத்தளையில் கிளர்ச்சி எழுந்தது. இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஆகஸ்ற் 8இல் கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். குடாபொல தேரரும் அம்மாதமே காவியுடையோடு சுடப்பட்டார். இலண்டன் பாராளுமன்றக் குழு இதனை விசாரித்தது. 1850இல் தேசாதிபதி பதவி துறந்தார். ரெனன்றின் இலங்கைப் பணியும் அவ்வாண்டோடு முடிந்தது.

தாய்நாடு திரும்பிய பின்னரே அவர் புகழ் வளர்ந்தது. 1859இல் இலங்கை வரலாற்று நூல் இரு பாகங்களாக வெளிவந்தது. 1861இல் இந்நாட்டு உயிரினங்களைப் பற்றிய நூல் வந்தது. நாவலாசிரியர் டிக்கன்ஸ் தம் நாவலொன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார். 1869இல் அவர் இயற்கை எய்தினார்.

குளத்தை வெட்டியவன் சொல்லைக் கேட்டதனால் அவர் நூல் இன்றும் நிற்கிறது. கச்சேரி வாயிலில் நின்றவன் சொல்லைக் கேளாமையால் அவர் ஆட்சி பழிக்கு இலக்காயிற்று. செவி ஒன்றே, அதனை எவர்க்குத் திறந்தார், எவர்க்கு அடைத்தார் என்பதிலேதான் வேறுபாடு.

இப்படிப்பினை நமக்கும் உரியது. இன்று மகாவலியின் குறுக்கே பொல்கொல்லை அணை 1976 முதலும், 122 மீற்றர் உயர விக்டோரியா அணை 1985 முதலும் நிற்கின்றன. அவை நமக்கு ஒளியும் நெல்லும் தருவன. அவற்றைப் பழித்தல் என் கருத்தன்று. ஆனால் ஆற்றில் ஏறியும் இறங்கியும் வாழும் மீனுக்கு அவை கடத்தற்கரிய மதில்கள். கடலிற் பிறந்து ஆற்றில் வளரும் விலாங்குக்குப் பனையேறியின் முட்களும் இல்லை. எந்த மீன் எந்த மழைக்கு எவ்வழி செல்லும் என்பதை அறிந்த முதியோர் ஆற்றங்கரை ஊர்களில் இன்னும் உளர். மாணாக்கர் அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைப்பாராக. ரெனன்ற் செய்த நற்பணி அதுவே. அதற்குப் பட்டமோ பதவியோ வேண்டுவதில்லை.