நூலகர் அரங்கநாதன்

ஒரு பொருளைப் பற்றி எத்தனை நூல்கள் உள என்று வினவுவோர்க்கு விடை கூறுதல் எளிதென்றே நாம் எண்ணுகிறோம். நூல்கள் வந்த வரிசையில் அடுக்கப்பட்டிருப்பின், ஒவ்வொரு வினாவுக்கும் பதிவேட்டை முதலிலிருந்து இறுதிவரை புரட்டியாக வேண்டும். பத்து வினாக்களுக்குப் பத்து முறை. இவ்வல்லலைத் தீர்க்க வாழ்நாளை ஈந்தவர் இராமாமிர்தம் அரங்கநாதன்.

இவர் 1892-ம் வருஷம் சீர்காழியில் தோன்றினார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். அங்கே பேராசிரியர் எட்வர்ட் ராஸ் என்பாரிடம் கொண்ட குருபக்தி அவருக்கு இறுதிவரை குன்றவில்லை. பின்னர்க் கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானார். மாணாக்கர் சூழ இருந்து பழகியவர்க்கு அவ்விடத்துத் தனிமை சிறைவாசமாயிற்று. ஒரு வாரத்திற்குள் பழைய வேலையையே வேண்டி நின்றார்! லண்டனில் பயிற்சி பெற்று மீண்ட பின்னும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்று மேலோர் இசைந்தனர். அவர் திரும்பவேயில்லை.

லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில துண்டுகளே பலவாறு இணைந்து பல உருவங்களாதல் அவர் சிந்தையைக் கவர்ந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் வகுத்து மாளாது. கூறுகளுக்கு எண் கொடுத்துக் கோத்துக்கொள்ளலாம் என்று தெளிந்தார். வேளாண்மை, அதில் நெற்பயிர், அதற்குற்ற நோய் எனக் கூறுகள் தொடரும். இடையே முக்காற்புள்ளி நிற்கும். இம்முறை 1933-ல் கோலன் பகுப்பு என்ற பெயரால் நூலாயிற்று. அவ்வெண் வரிசையில் சீட்டுகளை அடுக்கினால் உறவுடையவை அருகருகே நிற்கும். தட்டை ஒரே முறை புரட்டினால் ஒவ்வொரு பிரிவின் தொகையும் தனித்தனியே கிடைத்துவிடும்.

ஆயினும் ஒரு வரிசை எல்லா உறவையும் காட்டாது. திருவண்ணாமலையைப் பற்றிய நூல்களை நாடுவோர்க்குத் தலவரலாறு ஓரிடத்தும், கோபுரச் சிற்பம் வேறிடத்தும், இரமணரின் சரிதம் மற்றோரிடத்தும் இருக்கும். இதனை உணர்ந்தே, 1934-ல் வெளியிட்ட நூற்பட்டி விதிகளில், எண்வரிசைக்குத் துணையாக அகரவரிசைக் குறிப்பையும் அமைத்தார். அவருடைய நுட்பம் முழுதும் இங்கேதான் விளங்குகிறது என்பது என் கருத்து.

இக்காலத்துக் கணினி நிரல்களிலும் அதே அல்லல் உண்டு. நூறு தலைப்புகளுக்கு நூறு முறை எண்ணிக்கை கேட்பின் இயந்திரமும் தளரும். உறவுடைய பதிவுகளைக் குழுவாக்கி ஒரே வினாவில் தொகை பெறுவதே அங்கும் வழி.

அரங்கநாதன் 1972-ல் பெங்களூரில் காலமானார். தாம் சேமித்த பொருளில் ஓர் இலட்சம் ரூபாயை, மனைவி சாரதையின் பெயரால் நூலகவியற் பேராசிரியர் பதவி ஏற்படுமாறு, ஒரு வாரத்தில் விட்டோட நினைத்த அச்சர்வகலாசாலைக்கே வழங்கியிருந்தார்.