புனித லாரன்சியார் – ஏழைகளின் திருத்தொண்டர்



பொன்விழா ஆண்டில் கணக்குப் பார்ப்பது வழக்கம். எத்தனை குருக்கள் பணியாற்றினர், எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றனர், கோபுரத்திற்கு எவ்வளவு செலவாயிற்று என்பதையெல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் காண்பீர்கள். இவ்வேளையில், திருச்சபையின் கணக்கைக் கையில் வைத்திருந்து, அதற்காகவே உயிர் கொடுத்த ஒரு புனிதரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவரே உரோமை நகரின் திருத்தொண்டர் புனித லாரன்சியார்.

திருத்தொண்டர் என்பவரை முன்னாளில் தியாக்கோன் என்றே அழைத்தோம். இப்பணியின் தொடக்கத்தை அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தில் திருச்சபை மரபு காண்கிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. உடனே புனித முடியப்பர் முதலிய எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அப்போஸ்தலர்கள் அவர்கள்மேல் கைகளை வைத்துச் செபித்தனர். ஆக, பசித்தவர்களின் முறையீட்டிலிருந்து பிறந்த பணி இது. பீடத்தில் ஆயருக்குத் துணை நிற்பதும், வர இயலாதோருக்கு நற்கருணை கொண்டுபோவதும், காணிக்கையை ஏழைகளுக்குப் பங்கிடுவதும் அவர்களது கடமைகளாயின.

லாரன்சியார் காலத்து உரோமைத் திருச்சபை எப்படி இருந்தது? கி.பி. 251 அளவில் பாப்பரசர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதம் அதைக் காட்டுகிறது. குருக்கள் 46 பேர். திருத்தொண்டர்கள் 7 பேர். திருச்சபை உணவளித்துக் காத்த கைம்பெண்களும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல். அந்நகரில் திருத்தொண்டர்களின் எண்ணிக்கை முடியப்பர் காலத்து வழியில் ஏழாகவே இருந்தது. பாப்பரசர் இரண்டாம் சிக்ஸ்துஸ் காலத்தில் இந்த எழுவருள் ஒருவராய், மரபின்படி அவர்களுக்குத் தலைவராய் விளங்கியவர் லாரன்சியார்.

258-ஆம் ஆண்டில் வலேரியன் பேரரசன், ஆயர்கள், குருக்கள், திருத்தொண்டர்கள் யாவரையும் உடனே கொல்லும்படி கட்டளையிட்டான். ஆகஸ்ட் 6-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் பாப்பரசர் சிக்ஸ்துஸ் நான்கு திருத்தொண்டர்களுடன் வெட்டுண்டார் என்று கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் எழுதியுள்ளார். லாரன்சியார் மட்டும் சில நாள் விட்டுவைக்கப்பட்டார். திருச்சபையின் பொன்னும் வெள்ளியும் அவர் பொறுப்பில் இருந்ததே காரணம் என்பது மரபு.

செல்வத்தை ஒப்படைக்குமாறு நகர அதிகாரி கேட்டார். லாரன்சியார் மூன்று நாள் தவணை வாங்கினார். கையிருப்பை ஏழைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, நகரெங்கும் நடந்து கைம்பெண்களையும் பார்வையற்றோரையும் கால் ஊனமுற்றோரையும் அழைத்து வந்து நிறுத்தினார். திருச்சபையின் செல்வம் இவர்களே என்று காட்டினார்.

இந்நிகழ்ச்சியை நாமே பலமுறை பிரசங்கத்தில் கூறியிருக்கிறோம். அவருடைய துணிச்சலையே பெரிதாகப் பேசினோம். ஆனால் அவ்வளவு பேரையும் மூன்றே நாளில் அவரால் எப்படிக் கூட்டிவர முடிந்தது என்று சிந்தித்ததில்லை. யார் எந்தச் சந்தில் இருக்கிறார், யாருக்குக் கைத்தாங்கல் வேண்டும், யார் எழுந்து வரவே முடியாது என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அன்று காட்டிய துணிவுக்குப் பின்னால், நாள்தோறும் வீடு வீடாக ஏறி இறங்கிய திருத்தொண்டரின் உழைப்பு இருந்தது.

ஆகஸ்ட் 10-ஆம் நாள் அவர் வேதசாட்சியானார். இரும்புக் கட்டிலில் கிடத்தித் தீயில் வாட்டப்பட்டார் என்பது பழைய மரபு. வாளால் வெட்டுண்டிருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியரும் உண்டு. திபுர்த்தினா சாலையோரம் இருந்த அவர் கல்லறைமேல் கான்ஸ்தந்தீன் பேரரசன் கோயில் எழுப்பினான். முதலாம் நற்கருணை மன்றாட்டில் சிக்ஸ்துஸ், கொர்னேலியுஸ், சிப்ரியான், லாரன்ஸ் ஆகிய நால்வரின் பெயர்களும் ஒன்றாக வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வழிகாட்ட, பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1967-இல் நிரந்தரத் திருத்தொண்டர் பணியை மீண்டும் ஏற்படுத்தினார். மணமானவரும் இதனைப் பெறலாம். நம் நாட்டிலோ இது பெரும்பாலும் குருப்பட்டத்திற்கு முந்திய படியாகவே இருந்து வருகிறது. நாமும் சில மாதங்கள் இடத் தோளிலிருந்து குறுக்காகத் தோள்துகில் அணிந்து, குருவாகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவரே. குருவான பின்னும் அத்தொண்டு நம்மை விட்டு நீங்கவில்லை என்பது காலம் கடந்தே நமக்கு உறைத்தது.

நமது பங்கில் வரி நோட்டு இருக்கிறது. வரி கட்ட முடியாத குடும்பம், முதலில் பாக்கிப் பட்டியலில் ஏறுகிறது; பிறகு வெட்கத்தால் பூசைக்கு வருவதையும் குறைத்துக்கொள்கிறது. நம் கண்முன்னே நடக்கும் இக்குறைக்கு முதற்பொறுப்பு பங்குக் குருவாகிய நம்முடையதே.

மூன்று நாள் தவணை தந்தால், நமது பங்கின் ஏழைகளை நாம் அழைத்துவர முடியுமா? அவர்களது வாசல் நமக்குத் தெரியுமா? வரி நோட்டின் பக்கத்தில், அவர்களுக்காக இன்னொரு நோட்டும் இவ்விழா ஆண்டிலேயே திறக்கப்பட வேண்டும் என்பது நமது ஆசை. அன்பிய மக்களும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் நம்மோடு வீடு வீடாக வர அன்புடன் அழைக்கிறோம்.

திருத்தொண்டரான புனித லாரன்சியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.