ஜான் போஸ்டல்: இணையத்தின் பெயரேட்டைக் காத்தவர்

அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் அரசாங்கப் பதவி எதையும் வகித்தவர் அல்லர். ஆயினும் 1998-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி அவர் அனுப்பிய ஒரு மின்னஞ்சல் வெள்ளை மாளிகையைத் திடுக்கிட வைத்தது.

இணையத்தில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால், அதற்குரிய எண்முகவரி தேடிக் கண்டறியப்பட வேண்டும். அந்தத் தேடலுக்கு அடிப்படையான தலைமைப் பட்டியல் மூல வழங்கிகள் எனப்படும் கணினிகளில் உள்ளது. இவற்றில் எட்டின் நிர்வாகிகளுக்கே போஸ்டல் எழுதியிருந்தார். அரசு ஒப்பந்தம் பெற்ற நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்திடமிருந்து அல்லாமல், தமது ஆய்வுக்கூடக் கணினியிலிருந்து பட்டியலைப் பெறுமாறு அவர் கேட்டார். அவர்களும் அவ்வாறே செய்தனர்.

இந்தக் கீழ்ப்படிதலுக்குப் பின்னால் சட்டம் எதுவும் இருக்கவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டு கால நம்பிக்கையே இருந்தது.

1943-இல் பிறந்த போஸ்டல், லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் முதல் இணைப்பு 1969-இல் அங்குதான் நிறுவப்பட்டது. எந்த எண் எதற்கு ஒதுக்கப்பட்டது என்பதை எவரேனும் குறித்துவைக்க வேண்டியிருந்தது. நீண்ட தாடி வைத்திருந்த அந்த மாணவர் அப்பணியை ஏற்றார். இறுதிவரை அதைக் கைவிடவில்லை. மின்னஞ்சலுக்கான அடிப்படை விதிமுறையை 1982-இல் எழுதியவரும் அவரே.

அவரது முடிவுகளில் அரசியல் முக்கியத்துவம் மிக்கது நாட்டுக் குறியீடுகள் பற்றியது. எது நாடு, எது நாடல்ல என்று தீர்ப்பளிக்க அவர் மறுத்தார். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஈரெழுத்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கே இடம் என்றார். பொறுப்பைத் தட்டிக்கழிப்பது போலத் தோன்றினாலும், இது சாதுரியமான முடிவு. தனியரசு அல்லாத பகுதிகளும் அப்பட்டியலில் உண்டு. பாலஸ்தீனப் பகுதிகள் அதில் சேர்க்கப்பட்டபின், 2000-ஆம் ஆண்டில் அவற்றுக்கும் தனிக் குறியீடு கிடைத்தது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் மக்களுக்கோ அந்த வழி இல்லை.

1990-களில் இணையம் வணிகமயமானது. 1995 முதல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர் வசூலித்தது. புதிய பெயர்ப் பிரிவுகளைத் திறந்து போட்டியை ஏற்படுத்தப் போஸ்டல் முயன்றார், வாஷிங்டன் இசையவில்லை. ஜனவரி மின்னஞ்சலின் பின்னணி இதுவே.

அப்போது டாவோஸ் நகரில் இருந்த, அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் தொலைபேசியில் தலையிட்டார். அது ஒரு பரிசோதனையே என்று விளக்கிய போஸ்டல், பழைய நிலையை மீட்டார். அந்த விளக்கத்தை அனைவரும் ஏற்கவில்லை. பரிசோதனைதான் என்றாலும் அதன் முடிவு ஐயத்துக்கு இடமளிக்கவில்லை: பட்டியலைப் பராமரித்தவர் அவராயினும், இறுதி அதிகாரம் அமெரிக்க அரசிடமே இருந்தது.

இப்பொறுப்பை ஏற்பதற்காக, அவரது பங்களிப்புடன், அவ்வாண்டு செப்டம்பரில் ஐகான் அமைப்பு உருவானது. அது பணிகளைத் தொடங்குமுன், அக்டோபர் 16-ஆம் தேதி, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் போஸ்டல் காலமானார். அவருக்கு வயது 55.

அந்தப் பட்டியல் மீதான அமெரிக்க வர்த்தகத்துறையின் மேற்பார்வை 2016 அக்டோபர் 1-ஆம் தேதிதான் முடிவுக்கு வந்தது. அதற்குள் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய பெயர்கள் தமிழ் எழுத்திலேயே அதில் இடம்பெற்றிருந்தன.