சின்னாற்றங்கரையில் முகாம் போட்ட கென்னத் ஆண்டர்சன் யார்?

பெங்களூருல வேலை. லீவு கிடைச்சா தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டைப் பார்த்துக் கிளம்பணும். இது ஐ.டி. காலத்துப் பழக்கம்னு நினைக்கிறோம். ஆனா, 70 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இப்படித்தான் வாழ்ந்திருக்கார். அவர்தான் கென்னத் ஆண்டர்சன்.

யார் இவர்?

1910-ல் செகந்திராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளி என்றாலும், பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த குடும்பம். படித்தது பெங்களூருவில், பிறகு அங்குள்ள விமானத் தொழிற்சாலையில் வேலை. ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடிப் போன அனுபவங்களை எழுதிப் புகழ்பெற்றார். முதல் புத்தகம் 1954-ல் வெளியானது.

முகாம் எப்படி?

அன்றைய பெரிய துரைமார் வேட்டைக்குப் போனால் கூடாரங்கள், சமையல்காரர்கள், எடுபிடிகள் என ஒரு ஊரே கூடப் போகும். ஆண்டர்சனுக்கு ஸ்டூட்பேக்கர் கார், துப்பாக்கி, டார்ச், குடிக்கக் கொஞ்சம் டீ போதும். பரணிலோ பாறை மறைவிலோ ராத்திரி முழுக்க அசையாம உட்கார்ந்திருப்பார். மான் கத்துறதை வச்சே புலி எந்தப் பக்கம் நடக்குதுன்னு கணிப்பார்.

யார் கற்றுக்கொடுத்தது?

பாலக்கோடு வட்டத்தில் பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி ஓடும் சின்னாறு, ஒகேனக்கல் அருகே காவிரியில் கலக்கிறது. அந்த ஆற்றுப் பகுதியில்தான் பைரா என்ற பழங்குடி மனிதரைச் சந்தித்தார். காலடித் தடம் பார்ப்பது, காட்டின் சத்தங்களைப் பிரித்தறிவது எனப் பல விஷயங்களில் பைராதான் அவருக்கு வாத்தியார். தன் முதல் புத்தகத்திலேயே பைராவுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார்.

துப்பாக்கி என்ன ஆச்சு?

வயது கூடக் கூட வேட்டை ஆசை குறைந்தது. கேமரா கைக்கு வந்தது. காடு சுருங்குவதைப் பற்றிக் கவலையோடு எழுதினார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் அவர் இறந்தார். துப்பாக்கியை விட்ட பிறகும் காட்டுக்குப் போவதை அவர் விடவில்லை. அவரை இழுத்தது வேட்டை மட்டுமல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

இப்போ நாம போகலாமா?

இந்தக் காடுகளில் பெரும்பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமானது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். காரணம் இருக்கு. கோடையில் யானைகள் தண்ணிக்கு வர்றது ஆற்றங்கரைக்குத்தான். அங்கே டெண்ட் அடிச்சு, பாட்டுப் போட்டா, அதுங்க வழி மாறும். மாறுற வழி பல நேரம் யாரோ ஒரு விவசாயியோட ராகிக் காட்டுலதான் முடியும்.