தன் குரலைக் கொடுத்துவிட்டுப் போனவர்

(மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)

மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் நண்பர்கள் வகுப்புக்கு வந்தபோது, எடிசனுக்கும் கலாமுக்கும் ஏற்கெனவே ஆள் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நம்மில் பலர் பெயரைக் கேட்டிராத, ஆனால் குரலை நிச்சயம் கேட்டிருக்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். ஸ்டீஃபன் ஹாக்கிங் சக்கர நாற்காலியில் இருந்தபடி பேசுவாரே, அந்த இயந்திரக் குரல்! டென்னிஸ் கிளாட் என்ற அமெரிக்க எஞ்சினியர் தன் சொந்தக் குரலை அளந்து செய்தது அது.

எனக்கு அவரைத் தெரிய வைத்தது பெரியப்பா மகன்தான். அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் ஓர்கா என்ற இலவச மென்பொருளை அமைத்துக் கொடுத்தேன். அதற்குக் குரல் தருவது ஈஸ்பீக் என்ற இன்னொரு மென்பொருள். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுற மாதிரி! நல்ல குரலாக மாற்றித் தருகிறேன் என்று கிளம்பியவன், தேடித் தேடிக் கடைசியில் கிளாட்டிடம் போய் நின்றேன்.

கிளாட் 1938-ல் மில்வாக்கி நகரில் பிறந்தார். பர்டூ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1964-ல் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டே எம்.ஐ.டி.-யில் சேர்ந்தார். அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒரே வேலைதான். மனிதன் எப்படிப் பேசுகிறான் என்று அளப்பது, அளந்ததைக் கொண்டு கம்ப்யூட்டரைப் பேச வைப்பது.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள நம்ம லேப் அறிவே போதும். தொண்டையிலிருந்து உதடு வரை சுமார் 17 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் ரெசனன்ஸ் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் வரும். நாக்கையும் தாடையையும் அசைத்தால் இவை இடம் மாறும். ஆண் குரலில் 'ஆ' என்றால் முதல் இரண்டும் ஏறக்குறைய 700-க்கும் 1100-க்கும் வருகின்றன. 'ஈ' என்றால் 300-க்கும் 2200-க்கும் விலகிப் போகின்றன. ஆக, குரல்நாண் என்பது ஒரு சிக்னல் ஜெனரேட்டர், வாய் என்பது சில ஃபில்டர்கள். கிளாட் உயிரொலிகளுக்கு ஃபில்டர்களை சீரீஸில் கோத்தார். 'ஸ', 'ஷ' போன்ற காற்றொலிகளுக்குப் பேரலலில் வைத்தார். மொத்தம் 39 அளவுகள். மாறக்கூடியவற்றை 5 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே போனால் பேச்சு வந்துவிடும். படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த எண்களைக் கண்டுபிடிக்கத்தான் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்.

1980-ல் அவர் செய்த காரியத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தப் புரோகிராமை, ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியபடியே, அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் அச்சிட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் பார்த்துத் தட்டச்சு செய்து ஓட்டலாம். ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னால்! ஆனால் எழுத்தைப் படித்து உச்சரிப்பாக மாற்றும் முழு ஏற்பாட்டை அப்படித் தரவில்லை. அதை டிஜிட்டல் எக்யுப்மென்ட் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார். 1984-ல் டெக்டாக் என்ற பெயரில் பெட்டியாக விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பார்வையற்றவர் வாங்கக்கூடிய விலையில்லை. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

டெக்டாக்கின் முக்கியக் குரலுக்கு பெர்ஃபெக்ட் பால் என்று பெயர். அது கிளாட்டின் குரல். பெண் குரலுக்கு மனைவியையும், குழந்தைக் குரலுக்கு மகளையும் மாதிரியாக வைத்துக்கொண்டார். வீடே அந்தப் பெட்டிக்குள் இருந்தது எனலாம். 1985-ல் ஹாக்கிங்குக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து பேச்சு போனபோது, கிளாட்டின் ஆராய்ச்சியில் உருவான வேறொரு கம்பெனியின் கருவி அவருக்குக் கிடைத்தது. பின்னால் எத்தனையோ நவீனக் குரல்கள் வந்தும் ஹாக்கிங் மாற்ற மறுத்துவிட்டார். 2018-ல் இறக்கும்வரை அதே குரல்தான்.

இங்கேதான் நெஞ்சை அடைக்கிறது. ஊருக்கெல்லாம் குரல் செய்து கொடுத்தவருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. சொந்தக் குரல் கம்மிப் போனது. அப்படியும் 1987-ல், அதுவரை உலகில் செய்யப்பட்ட இயந்திரப் பேச்சுகளின் வரலாற்றை எழுதி, 36 மாதிரிகளை இசைத்தட்டில் பதித்து வெளியிட்டார். 1988 டிசம்பர் 30 அன்று காலமானார். வயது 50.

1993, 94-ல் ஜான் ஐல்ஸ், நிக் இங்-சிம்மன்ஸ் என்ற இருவர், அச்சில் கிடந்த அந்தப் புரோகிராமை சி மொழியில் மறுபடி எழுதினார்கள். அதன் வழித்தோன்றல் ஈஸ்பீக்கில் ஒரு மாற்றுக் குரலாக இருக்கிறது. நான் தேடிய குரல் அண்ணன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்திருக்கிறது!

அதற்கு முன்னால் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மனிதர் பேசுவது போன்ற புதுவகைக் குரல் ஒன்றைப் போட்டேன். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பழைய புராசஸரில் கீயை அமுக்கி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் எழுத்தைச் சொல்லும். அண்ணன் ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, டேய் தம்பி, கழற்றிடு என்றுவிட்டார். அவர் ஆங்கிலத்தை நிமிடத்துக்கு 350 வார்த்தை வேகத்தில் கேட்கிறவர். அந்த வேகத்தில் தகர டப்பா தெளிவாகக் கேட்கிறது, இனிமையான குரல் குழைந்து போகிறது. அவருடைய உண்மையான குறை வேறு. ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்து விழுங்கப்பட்டது. மின்சாரம் மிச்சம் பிடிக்க சவுண்ட் சிப் தூங்கப் போய், எழுந்திருப்பதற்குள் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஒரே ஒரு செட்டிங்கை அணைத்தேன், சரியாகிவிட்டது. மூன்று மாதமாக அதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் குரலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

இப்போது ஆங்கில வினாத்தாள்களுக்கு அண்ணன் கிளாட் குரலை வைத்திருக்கிறார். தமிழுக்குப் பழைய தகர டப்பாவேதான். அதில் 'ழ' இன்னும் சரியாக வரவில்லை என்கிறார். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மைக்கும் ஹெட்ஃபோனும் எடுத்துப் போகிறேன். 'ழ' சொல்லும்போது மூன்றாவது ரெசனன்ஸ் எங்கே விழுகிறது என்று அண்ணன் குரலிலேயே அளந்து பார்க்க வேண்டும்.